தட்டும் உறையும் – 9: ஊர்ப்பெயர் ஏறிய வட்டக் காகிதம்

புரச மரத்திலும் இலந்தை மரத்திலும் அடையடையாய் ஒட்டி வாழும் அரக்குப் பூச்சியின் சுரப்பைச் சுரண்டி, கழுவி, உருக்கி எடுத்த அவலரக்கு, சோட்டா நாக்பூர்க் காடுகளிலிருந்து கல்கத்தாத் துறைமுகம் வழியாக ஐரோப்பிய ஆலைகளுக்குப் போய், அங்கே கல்பொடியோடும் கரிப்பொடியோடும் கலந்து இசைத்தட்டாகி, மீண்டும் அதே துறைமுகத்தில் விற்பனைச் சரக்காக வந்து இறங்கிய கதையை இத்தொடரின் முந்தைய பகுதிகள் சொல்லின.

லண்டன் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கெய்ஸ்பர்க் 1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்ததும், அந்த மெழுகுப் பதிவுகள் ஜெர்மனியின் ஹானோவர் ஆலைக்குக் கப்பலேறியதும், 1908இல் கல்கத்தாவின் சியால்தாப் பகுதியிலேயே ஓர் ஆலை எழுந்ததும் சென்ற வாரம் வரையிலான நிகழ்ச்சிகள்.

குரல் தட்டுக்குள் புகுந்த கதை அத்துடன் முடிந்தது. அந்தக் குரல் யாருடையது, எந்த ஊரிலிருந்து வந்தது, எந்த ஆண்டில் எழுந்தது என்று சொல்லும் பொறுப்பைத் தட்டைச் சூழ்ந்திருந்த காகிதமும் தகரமும் எவ்வாறு ஏற்றுக்கொண்டன என்பதும், அந்தக் காகிதத்தில் கொங்கு நாட்டு ஊர்ப்பெயர்கள் எவ்வாறு ஏறின என்பதும் இந்த வாரத்துக்குரிய பொருள்.

பசையின்றி ஒட்டிய தாள்

எமில் பெர்லினர் 1887இல் காப்புரிமை பெற்ற முறையில் உருவான தொடக்ககாலத் தட்டுகளில் காகிதமே இல்லை. பாடலின் பெயரும் பாடியவர் பெயரும் எண்ணும் தட்டின் நடுப்பகுதியிலேயே கீறப்பட்டிருந்தன. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மட்டுமே படிக்க முடிந்த அந்த எழுத்து, கடையில் நின்று தட்டு வாங்குபவருக்குப் பெரிதாக உதவவில்லை.

இருபதாம் நூற்றாண்டு பிறந்த கையோடு, 1901ஐ ஒட்டி, அந்த இடத்தில் வட்டமான அச்சுத்தாள் வந்தது. லேபிள் என்று வணிகர்களும் சேகரிப்பாளர்களும் அழைக்கும் இந்தத் தாளைத் தட்டின் மேல் பின்னர் ஒட்டிய துண்டாகக் கருதுவது இன்றும் பலரிடம் இருக்கும் வழக்கம். உண்மையில் அங்கே பசைக்கு வேலையே இல்லை.

அழுத்து எந்திரத்தின் கீழ்த்தகட்டிலும் மேல்தகட்டிலும் உள்ள நடு முளையில் லேபிளை அச்சுப்பக்கம் உலோகத்தைப் பார்க்குமாறு செருகி, சூடான மேசையில் இளகிக் கிடந்த அரக்குக் கலவைக் கட்டியை இடையில் வைத்து, நீராவியால் சூடேறிய தகடுகளை மூடி இறுக்கும்போது, குரலின் வரிப்பள்ளமும் லேபிளும் ஒரே நொடியில் அரக்கில் பதிகின்றன. பிறகு தகடுகளுக்குள் குளிர்நீர் பாய்ந்து தட்டு இறுகுகிறது.

லேபிளில் ஈரம் இருந்தால் அந்தச் சூட்டில் அது ஆவியாகித் தாள் குமிழிடும் என்பதால், தாள்களை முன்கூட்டியே உலர்த்தி வைப்பதும் ஆலை வேலையின் ஒரு பகுதியாயிற்று. பசை காய்ந்து உதிரும் பேச்சு எழவே இல்லாமல் நூறாண்டு கடந்தும் அந்தக் காகிதம் தட்டோடு ஒன்றிக் கிடப்பதற்கும், அதை உரிக்க முயன்றால் அரக்குப் பரப்பையும் சேர்த்துச் சுரண்ட வேண்டியிருப்பதற்கும் காரணம் இதுவே.

ஆனால் ஹானோவரில் அந்தத் தாளில் என்ன அச்சிடுவது என்ற சிக்கல் இருந்தது. பல மாதங்களுக்கு முன் பல்லாயிரம் மைலுக்கு அப்பால் பதிவான ஒரு குரல், மொழி தெரியாத தொழிலாளர் கைக்கு மெழுகுத் தட்டாக வந்து சேரும்போது, அது யாருடைய பதிவு என்பதைப் பேரேட்டில் எழுதிய குறிப்பு ஒன்றே காட்ட வேண்டியிருந்தது.

அதனால்தான் பாட்டு முடிந்ததும் பாடகர் தம் பெயரைத் தாமே உரக்கச் சொல்லும் வழக்கம் உண்டாயிற்று. மூன்று நிமிடப் பாடலின் கடைசி நொடிகளில் கேட்கும் அந்த அறிவிப்பை இன்றைய கேட்போர் தற்பெருமை என்று எண்ணக்கூடும்; அது லேபிள் அச்சிடுபவருக்காக விட்டுவைத்த அடையாளக் குறிப்பு.

பதின்மூன்றாயிரத்துப் பெண்கள்

கெய்ஸ்பர்க்குக்குப் பின் அடுத்தடுத்து வந்த ஒலிப்பதிவுக் குழுக்கள் சென்னைக்கும் வந்தன. அவர்கள் முன் பாட முன்வந்தவர்களில் பெரும்பகுதியினர் தேவதாசி மரபில் வந்த பெண்கள். சபைகளில் பெயர் பெற்ற ஆண் வித்துவான்கள் பலர், எந்திரத்துக்குள் குரலை விட்டால் குரல்வளம் குன்றும் என்றும், கண்ட இடத்தில் கண்டவர் கேட்பது இசைக்கு இழுக்கு என்றும் தயங்கிய நேரத்தில், கேட்போர் முன் பாடுவதையே வாழ்வாகக் கொண்ட இந்தப் பெண்கள் தகரக் கூம்பின் முன் அமர்ந்தார்கள்.

அந்தப் பெண்களுள் இருவர் பெயரோடு கொங்கு நாட்டின் இரு பெருநகரங்கள் அச்சேறின. ஒருவர் சேலம் கோதாவரி. மற்றவர் கோயம்புத்தூர் தாயி.

தாயியின் இயற்பெயர் பழனி குஞ்சரம். 1872இல் பிறந்து 1917இல் மறைந்த இவருடைய குடும்பத்தின் வேர் கோயம்புத்தூரில் இருந்தது. இசை வாழ்வு சென்னையில் வளர்ந்தது. இயற்பெயரில் பழனியும் புகழ்ப்பெயரில் கோயம்புத்தூருமாக, இரு கொங்கு ஊர்கள் ஒரே பெண்ணிடம் கூடியிருந்தன.

சென்னையில் வாழ்ந்த ஒருவரைச் சென்னையின் பெயரால் அல்லாமல் பூர்வீக ஊரின் பெயரால் அழைத்தது இசை உலகின் பழைய வழக்கம். கச்சேரி நடந்த ஊர்களில் வாய்மொழியாக மட்டும் வழங்கிய அந்தப் பெயர், கிராமபோன் கம்பெனியின் பேரேட்டில் ஏறி, ஆலை அச்சகத்தில் கோக்கப்பட்டு, ஆயிரக்கணக்கான மைல் பயணம் செய்யும் காகிதமாக மாறியது.

அந்தக் காகிதத்தில் பெயருக்குக் கீழே இருந்த எண்ணுக்கும் தனிப் பொருள் உண்டு. கிராமபோன் கம்பெனி அந்நாளில் தன் தட்டுகளை வரிசையாக எண்ணாமல், பதிவின் வகைக்கு ஓர் ஆயிரம் என்று தொகுதி தொகுதியாகப் பிரித்து எண்ணியது. இரண்டாயிரத்துத் தொகுதி ஆண் குரலுக்கும் மூன்றாயிரத்துத் தொகுதி பெண் குரலுக்கும் உரியவை. கீழை நாடுகளின் பதிவுகளுக்கு அவற்றின் முன்னே ஒன்று சேர்ந்து, ஆண் குரல் பன்னிரண்டாயிரத்திலும் பெண் குரல் பதின்மூன்றாயிரத்திலும் நின்றது.

தொகுதியில் எண்கள் தீர்ந்துபோனபோது, முன்னால் ஒரு சிறு எண்ணும் ஒரு கோடும் சேர்க்கப்பட்டு அதே ஆயிரம் மீண்டும் தொடங்கியது. ஆகவே பெயர் தேய்ந்து மறைந்த லேபிளில் பதின்மூன்றாயிரத்தைச் சேர்ந்த எண் மட்டும் எஞ்சியிருந்தாலும், அது கீழை நாட்டுப் பெண் ஒருத்தி பாடிய தட்டு என்பதைத் தேர்ந்த சேகரிப்பாளர் ஊசி வைக்காமலே சொல்லிவிடுவார்.

லேபிளுக்கும் வரிப்பள்ளம் முடியும் இடத்துக்கும் இடையே உள்ள வெற்று வளையத்தில், காகிதத்தில் இல்லாத இன்னொரு எண்ணும் கீறப்பட்டிருக்கும். மூலப்பதிவு எண் என்று கொள்ளத்தக்க அது, பாடலின் பெயரைப் பற்றிக் கவலைப்படாமல் மெழுகுத் தட்டு எந்த வரிசையில் பதிவானது என்பதை மட்டும் குறித்தது. அதன் கடைசியில் ஒலிப்பதிவாளரைக் குறிக்கும் ஓர் எழுத்தும் சேர்ந்தது.

கிராமபோன் கம்பெனி பிரிட்டனில் அழுத்திய எச்.எம்.வி. தட்டுகளில் அதே வளையத்தில் ஓர் எழுத்துப் புதிரும் உண்டு. கிராமபோன் லிமிடெட் என்ற பெயரிலிருந்து எடுத்த பத்து ஆங்கில எழுத்துகளை ஒன்று முதல் ஒன்பது வரையும் பூச்சியமுமாக வைத்துக்கொண்டு, எத்தனையாவது அழுத்துத் தகட்டிலிருந்து அந்தப் பிரதி வந்தது என்பதை ஆலைக்காரர்கள் குறித்தார்கள். தொடக்கத் தகட்டிலிருந்து வந்த பிரதிக்கும் பிற்காலத் தகட்டிலிருந்து வந்த பிரதிக்கும் இன்று விலை வேறுபடுவதற்கு அந்த எழுத்துகளும் ஒரு காரணம்.

பின்புறத்தில் இருந்த தேவதை

தாயியும் கோதாவரியும் பாடத் தொடங்கிய காலத்தில் கிராமபோன் கம்பெனித் தட்டுகளுக்கு ஒரே பக்கம்தான். மறுபக்கத்தில் பாட்டு இல்லை. அதன் நடுவில், இறகுபேனாவால் தட்டின் மேல் எழுதிக்கொண்டிருக்கும் சிறகு முளைத்த தேவதையின் உருவம் அரக்கிலேயே புடைத்திருந்தது. லேபிளிலும் அதே தேவதைதான் வணிகக் குறி.

இன்று எல்லோருக்கும் தெரிந்த நாய் அதற்குப் பின் வந்தது. பிரான்சிஸ் பாரோ என்ற ஓவியர், இறந்துபோன தம் அண்ணனின் நாயான நிப்பர் பழைய உருளை ஒலிக்கருவியைக் கவனிப்பதாக வரைந்திருந்த படத்தில், அந்தக் கருவியை அழித்துத் தட்டு கிராமபோனை வரைந்து தரச்செய்து 1899இல் கம்பெனி விலைக்கு வாங்கியது. ஆனாலும் 1909 வரை லண்டன் தட்டுகளின் லேபிளில் நாய்க்கு இடம் கிடைக்கவில்லை. இந்தியத் தட்டுகளுக்கு அது வந்து சேர மேலும் சில ஆண்டுகள் ஆயின.

இந்த மாற்றம் சேகரிப்பாளருக்குக் காலக்கணக்காகப் பயன்படுகிறது. தேவதை இருந்தால் தொடக்க ஆண்டுகள். நாய் இருந்தால் பிற்காலம். பாட்டு ஒன்றேயாயினும் லேபிள் வேறானால் அது மறு அழுத்தம். 1904இல் ஓடியன் என்ற ஜெர்மானிய நிறுவனம் இருபக்கத் தட்டை விற்பனைக்குக் கொண்டுவந்து போட்டியைக் கூட்டியபின் கிராமபோன் கம்பெனியும் அவ்வழிக்குத் திரும்பியபோது, முன்பு தனித்தனியாக வெளிவந்த இரு பாட்டுகளை முதுகோடு முதுகு சேர்த்து மீண்டும் வெளியிடும் வழக்கம் ஏற்பட்டது.

தேவதை இழந்தது வெற்றுப் பின்புறத்தை மட்டுமல்ல. ஒரே தட்டில் இரு பாட்டு, இரு எண், சில சமயம் இரு ஆண்டு என்று குழப்பம் புகுந்ததால், தட்டைக் கண்டதும் காலம் சொல்லும் எளிமையும் அத்துடன் போயிற்று.

பாரிஸ், 1914 ஜனவரி

இந்தக் கட்டத்தில் கோயம்புத்தூர் என்ற பெயர் தாங்கிய தட்டு, அதை அழுத்தியவர்களும் விற்றவர்களும் எண்ணிப் பார்த்திராத ஓரிடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

மோரிஸ் தெலாழ் என்பவர் பிரெஞ்சு இசையமைப்பாளர்; புகழ்பெற்ற மோரிஸ் ராவெலின் மாணவர். காலணி மெருகுப் பொருள் தயாரிக்கும் தொழில் நடத்திய அவருடைய குடும்பம் 1911ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியாவுக்குப் புறப்பட்டபோது அவரும் உடன் வந்தார். திரும்பிச் சென்றபோது அவருடைய உடைமைகளில் இந்திய இசைத்தட்டுகளும் இருந்தன. வடக்கிலிருந்து இம்தாத் கானின் சிதார். தெற்கிலிருந்து கோயம்புத்தூர் தாயி.

ஐரோப்பியர் அதுவரை இந்திய இசையை அறிந்த விதத்தையும் தெலாழ் அறிந்த விதத்தையும் பிரித்துக் காட்டுவது அந்தத் தட்டுகளே. அவருக்கு முன் வந்தவர்கள் கேட்டதை நினைவிலிருந்தோ ஐரோப்பிய இசைக்குறியீட்டில் பிறர் எழுதியதிலிருந்தோ எடுத்தாண்டார்கள். அந்தக் குறியீட்டில் கமகத்துக்கு இடமில்லை, சுரங்களுக்கு இடையே குரல் வழுக்கிச் செல்லும் பாதைக்கும் இடமில்லை. தட்டு வைத்திருந்தவரோ ஒரே பிடியை நூறு முறை திரும்பக் கேட்க முடிந்தது.

அதன் விளைவாக உருவான நான்கு இந்தியக் கவிதைகள் என்ற படைப்பின் நான்கு பகுதிகளுக்கும் அவர் ஊர்ப்பெயர்களையே இட்டார்: மதராஸ், லாகூர், பனாரஸ், ஜெய்ப்பூர். 1914 ஜனவரியில் பாரிசில் அது அரங்கேறிய அதே கச்சேரியில் ராவெலின் புதிய பாடல்களும் ஸ்திராவின்ஸ்கியின் ஜப்பானியப் பாடல்களும் இடம்பெற்றன. வாயை மூடிக்கொண்டு முனகுவது, சொல்லின்றி உயிரெழுத்தால் மட்டும் இழைவது என்று அதைப் பாடியவர் செய்ய வேண்டியிருந்தவை, ஐரோப்பியக் குரல் பயிற்சிக்குப் புதியவை.

அவர் பியானோவுக்கு எழுதிய மற்றொரு படைப்பின் பெயர் ராகமாலிகா. இராமலிங்க அடிகளின் அருட்பாவைத் தாயி ராகமாலிகையாகப் பாடிய பதிவைப் பின்தொடர்ந்து அது எழுதப்பட்டது.

அதில் ஓரிடத்தில் பக்கவாத்தியத்தின் தட்டொலியைப் பியானோவில் கொண்டுவர வேண்டியிருந்தது. அதற்காக ஒரு குறிப்பிட்ட சுரத்தின் கம்பிகளுக்கு அடியில் அட்டைத்துண்டைச் செருகி, ஓசை நீண்டு ஒலிக்காமல் மொத்தென்று விழுமாறு செய்யும்படி தெலாழ் எழுதிவைத்தார். பியானோக் கம்பிகளுக்கிடையே வேற்றுப்பொருளைச் செருகி ஒலியை மாற்றும் முறைக்கு அமெரிக்கரான ஜான் கேஜ் பின்னாளில் புகழ் பெற்றாலும், அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே அதைச் செய்து காட்டிய முதல் முயற்சிகளுள் ஒன்றாக இசை வரலாற்றாசிரியர்கள் இதைக் கருதுகிறார்கள்.

தாயியின் பெயர் பிரெஞ்சு இசை வரலாற்றில் இடம்பெற்றதற்குத் தட்டில் இருந்த குரல் பாதிக் காரணம். மீதிப் பாதி, தட்டின் நடுவே அரக்கோடு ஒன்றாய்ப் பதிந்த காகிதம். லேபிள் இல்லாத தட்டாக அது பாரிஸ் போயிருந்தால், தெலாழின் பியானோவில் ஒலித்தது பெயர் தெரியாத ஏதோ ஓர் இந்தியப் பெண் என்ற அளவோடு கதை முடிந்திருக்கும்.

தாயியின் மறைவு 1917. ஒலிவாங்கியைக் கொண்டு மின்சார முறையில் பதிவு செய்யும் நுட்பம் வந்தது 1925. அவர் குரல் ஒருமுறைகூட ஒலிவாங்கியைச் சந்திக்காமல், கூம்புக்குள் பாடிய பதிவாக மட்டுமே எஞ்சியது.

உதிரும் காகிதமும் உதிராத காகிதமும்

லேபிள் தட்டோடு ஒன்றியதால் பிழைத்தது. தட்டைச் சூழ்ந்திருந்த மற்றவை அந்தப் பேறு பெறவில்லை.

அவற்றுள் முதன்மையானது உறை. பழுப்புத் தாளில் செய்து, லேபிள் தெரியும்படி நடுவில் வட்டமாக வெட்டிய அந்த உறையை வெறும் தூசிக்காப்பாக மட்டும் நிறுவனங்கள் விட்டுவைக்கவில்லை. கிராமபோன் பெட்டிகளின் படங்களும், ஊசி விளம்பரமும், தட்டைக் கையாளும் முறையும், விற்ற கடைக்காரரின் பெயரும் தெருவும் ஊரும் அதில் அச்சேறின. ஒரு தட்டு எந்த ஆலையில் பிறந்தது என்பதை லேபிள் சொல்லும். எந்த ஊர்க் கடைத்தெரு வழியாக வீட்டுக்குள் வந்தது என்பதை உறை ஒன்றுதான் சொல்லும்.

அடுத்தது ஊசி டப்பா. அரக்குத் தட்டில் கல்பொடி கலந்தது வெறும் கனத்துக்காக அன்று. எஃகு ஊசியின் முனையை முதல் சில சுற்றுகளிலேயே வரிப்பள்ளத்தின் வடிவுக்குத் தேய்த்துப் பொருத்துவதும் அதன் வேலை. அவ்வாறு தேய்ந்த முனை அடுத்த தட்டின் பள்ளத்தைச் சிதைக்கும் என்பதால், ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

ஆகவே ஊசி, இருநூறு இருநூறாக உள்ளங்கையில் அடங்கும் தகர டப்பாக்களில் விற்பனைக்கு வந்தது. உரத்த ஒலிக்குத் தடித்த ஊசி, நடுத்தரத்துக்கு ஒன்று, மெல்லொலிக்கு மெலிந்தது என்று வகை வகையாக வந்த அந்த டப்பாக்களின் மூடியில் நாயும் பறவையும் பூவேலையும் பலவண்ண அச்சில் மின்னின. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்த சாங்ஸ்டர் ஊசி டப்பாக்கள் உலகெங்கும் போய்ச் சேர்ந்தன. ஊசி தீர்ந்தபின் டப்பா குங்குமத்துக்கும் பொடிக்கும் பொத்தானுக்கும் ஆனது; தட்டுகள் உடைந்துபோன வீடுகளிலும் டப்பா மட்டும் தப்பியதற்கு அதுவே காரணம்.

மூன்றாவது, தாள்கள். புதிய தட்டுகளின் பட்டியல், பாடல் வரிகளை அச்சிட்ட துண்டுத்தாள், பிரபலமான கிராமபோன் பாட்டுகளைத் தொகுத்து வெளியிட்ட மலிவு விலைப் பாட்டுப் புத்தகம் ஆகிய மூன்றும் படித்து முடித்ததும் எறிந்துவிடத் தக்கவையாகவே அச்சாயின. கொங்கு நாட்டுப் பழைய வீடுகளின் அட்டாலிகளில் இருந்து இறங்கும் மரப்பெட்டிகளில் தட்டுகள் கிடைக்கும் அளவுக்கு இந்தத் தாள்கள் கிடைப்பதில்லை. கரையானும் வெள்ளிப்பூச்சியும் முதலில் தேடிப்போவது மாப்பசை தடவிய உறையின் ஓரத்தையும் இந்தத் தாள்களையுமே.

இந்தச் சிதைவே பிற்காலச் சேகரிப்பாளர்களை நூலாசிரியர்களாகவும் ஆக்கியது. இந்தியாவில் கிராமபோன் கம்பெனி செய்த முதல் பதிவுகளை எண் வாரியாகத் திரட்டி ஆஸ்திரேலியரான மைக்கேல் கின்னியர் 1994இல் நூலாக வெளியிட்டதும், 1990இல் மும்பையில் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் அமைந்ததும், ரோஜா முத்தையாவின் கோட்டையூர்ச் சேகரிப்பைக் கொண்டு சென்னையில் ஓர் ஆய்வு நூலகம் உருவானதும், காகிதம் அழியும் வேகத்துக்கு எதிராக நடந்த வேலைகள். இசை ஆய்வாளர் வி.ஏ.கே. ரங்காராவ் போன்றோரின் தனிச் சேகரிப்புகளும் இந்தப் பணியின் தூண்கள்.

உறைகள் இடம் மாறுவது சேகரிப்பின் மற்றொரு தொல்லை. கிழிந்த உறையை எறிந்துவிட்டு வேறு தட்டின் உறையை மாட்டும் பழக்கம் வீடுகளிலும் கடைகளிலும் இருந்ததால், ஈரோட்டுக் கடையின் முத்திரை உள்ள உறைக்குள் இருக்கும் தட்டு ஈரோட்டில் விற்றதுதான் என்று துணிய முடியாது. லேபிளில் கடைக்காரர் இட்ட முத்திரையும் உறையில் உள்ள பெயரும் ஒத்துப்போனால் மட்டுமே சேகரிப்பாளர்கள் அதைச் சான்றாக ஏற்கிறார்கள்.

போலிகளும் பெருகிவிட்டன. புதிதாக வார்த்த பித்தளைக் கூம்பையும் புதிய மரப்பெட்டியையும் பழைய உதிரிப் பாகங்களோடு இணைத்து, நாய்ப்படத் தகட்டை ஒட்டி விற்கும் கிராமபோன்கள் இந்தியச் சந்தைகளில் இருந்து வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் வரை போய்ச் சேர்ந்திருக்கின்றன. ஊசி டப்பாக்களும் மறு அச்சாகின்றன. அரக்கோடு சேர்ந்து பதிந்த லேபிளைப் போலியாகச் செய்வதோ எளிதன்று. பொருள்களுள் மலிவான அந்தக் காகிதமே நம்பத்தக்க சான்றாக நிலைத்ததற்கு அது பிறந்த முறையே காரணம்.

கொடுமுடி

தாயி மறைந்தபின் வந்த ஆண்டுகளில் தட்டுலகம் மாறியது. மின்சார ஒலிப்பதிவு வந்தது. 1928ஐ ஒட்டிக் கல்கத்தாவின் டம்டம்மில் பெரிய ஆலை எழுந்தது. 1931இல் கிராமபோன் கம்பெனியும் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனமும் இணைந்து இ.எம்.ஐ. ஆயின. ஓடியன் தட்டுகளை விற்பனை செய்த சென்னைச் சரஸ்வதி ஸ்டோர்ஸில் பங்காளியாக இருந்த ஏ.வி. மெய்யப்பன், தட்டு வணிகத்தில் கற்ற பாடத்தோடு திரைப்படத்துக்குள் நுழைந்தார்.

கொங்கு நாட்டிலும் சூழல் மாறியது. பைகாரா நீர்மின் திட்டம் 1932இல் இயங்கத் தொடங்கியதும், அதன் மின்சாரத்தை நம்பிக் கோவை வட்டாரத்தில் பஞ்சாலைகள் பெருகின. மாதச் சம்பளம் என்ற புதிய வருமானம் பிறந்தது. ஆனால் மின்சாரம் ஆலைகளுக்கும் நகரத்துக்குமே முதலில் போயிற்று. சாவி கொடுத்தால் சுருள்வில்லின் விசையிலேயே ஓடும் கிராமபோனுக்கு மின்சாரம் தேவையில்லை என்பதால், கம்பி எட்டாத ஊர்களின் கல்யாண வீட்டிலும் காப்பிக் கடையிலும் அது ஒலித்தது. திருச்சி வானொலி நிலையம் 1939இல் தொடங்கும் வரை அதற்குப் போட்டியாக நிற்கத் தமிழக உள்நாட்டில் வேறொன்றும் இல்லை.

அந்த ஆண்டுகளில் தட்டில் ஒலித்தவர்கள் கச்சேரிப் பாடகர்கள் மட்டுமல்லர். நாடக மேடையின் குரல்கள் முன்னே வந்துவிட்டன. அவற்றுள் ஓங்கி ஒலித்தது, காவிரிக் கரையில் ஈரோட்டுக்கும் கரூருக்கும் இடையே உள்ள கொடுமுடியில் 1908இல் பிறந்த பெண்ணின் குரல். மேடையில் அவரோடு இணைந்து பாடிய எஸ்.ஜி. கிட்டப்பா 1933 டிசம்பரில் இறந்தபின், அவர் பொதுவாழ்வை விட்டு ஒதுங்கியதும், 1935இல் நந்தனார் படத்துக்காக ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றுத் திரும்பியதும் தமிழகம் அறிந்த செய்திகள்.

ஆனால் அவருடைய தட்டுகளின் லேபிளில் கொடுமுடி என்ற பெயர் முழுதாக நிற்கவில்லை. தாயிக்குக் கோயம்புத்தூரும் கோதாவரிக்குச் சேலமும் முழு உருவில் அச்சேறிய அதே இடத்தில், கொடுமுடி ஒற்றை எழுத்தாகச் சுருங்கியது. கொடுமுடி, தாய் பாலாம்பாள், தன் பெயர் சுந்தராம்பாள் ஆகிய மூன்றும் சேர்ந்து கே.பி. சுந்தராம்பாள்.

இது ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1926இல், பத்து வயதில், தாயின் வீணையோடு முதல் தட்டுக்குப் பாடிய மதுரைச் சிறுமியின் பெயரும் பின்னர் மதுரை, தாய் சண்முகவடிவு என்ற இரண்டையும் எழுத்துகளுக்குள் ஒளித்துக்கொண்டு எம்.எஸ். சுப்புலட்சுமி ஆயிற்று. இரண்டு எழுத்துகளிலும் முதலில் ஊர், அடுத்துத் தாய்.

லேபிளின் அளவு மாறவில்லை. ஊர்ப்பெயரை முழுதாக அச்சிட இடமில்லாமல் போகவும் இல்லை. கோயம்புத்தூரைப் பாரிஸ் வரை சுமந்து சென்ற அதே வட்டக் காகிதத்தில், இருபதே ஆண்டுகளுக்குள் ஊரும் தாயும் இரண்டு எழுத்துகளாக மடங்கியதற்குத் தேவதாசி மரபுக்கு எதிராக எழுந்த சீர்திருத்தக் குரல் காரணமா, சபைகளில் இடம்பெற விரும்பிய பாடகியரின் சொந்த முடிவு காரணமா, அல்லது ஊரைத் தாண்டி விற்க வேண்டும் என்ற தட்டு வணிகத்தின் கணக்கா?

(அடுத்த வாரம் தொடரும்)